பேசிக்கொண்டே ஓட வேண்டும்

"கொஞ்ச நாளைக்குத்தான் புள்ள."

"எம்புட்டு நாளைக்கு?"

"டாக்டர் ஏறலாம்னு சொல்ற வரைக்கும்."

"சொல்லிட்டாருன்னா?"

"ஓடியே வாரேன். நீ கதவுக்குத் தாழ்ப்பாள் போடாம இருந்தாப் போதும்."

மாடிப்படிக்குக் கீழே நின்று தவசி இப்படிச் சொன்னபோது, அவனுடைய தலையணையும் போர்வையும் ஜெயக்கொடியின் கையில் இருந்தன. மாடியிலிருந்து அவற்றை அவளேதான் எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவன் வீடு திரும்பிய நாள் அது. கீழே கூடத்தில் ஜன்னலோரமாகக் கட்டில் போட்டிருந்தார்கள். அவள் போர்வையை விரித்துத் தலையணையைத் தட்டி வைத்தாள். அதோடு சரி. மூன்று வருஷமாக அந்தத் தலையணை மாடிக்குத் திரும்பவில்லை.

வில்லாபுரத்தில் தவசிக்கு உரக்கடை. யூரியா மூட்டை ஒன்றை இறக்கும்போதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அப்போது அவனுக்கு நாற்பது கூட ஆகியிருக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் அனுப்பி வைக்கும்போது, பாரம் தூக்கக்கூடாது, படி ஏறக்கூடாது, கொஞ்ச நாள் கழித்து வந்து காட்டுங்கள் என்று சொன்னார். அந்தக் கொஞ்ச நாள் கழிவதற்குள் அவர் மாற்றலாகிப் போய்விட்டார். அடுத்து வந்தவர் அதே மாத்திரைகளை எழுதிக் கொடுத்தார். ஏறக்கூடாது என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். இனி ஏறலாம் என்று யாரும் சொல்லவில்லை. கேட்கவும் யாருக்கும் துணிச்சல் இல்லை.

தவசியின் தாய் ஒச்சாயி மகனுடைய கட்டிலுக்குக் கீழே பாயை விரித்துக்கொண்டாள். அவன் புரண்டு படுத்தால் அவள் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். இருமினால் விளக்கைப் போடுவாள். மேலே ஜெயக்கொடியும் மகள் அழகம்மாளும் படுத்திருப்பார்கள். கீழே விளக்கு எரிகிற வெளிச்சம் படிக்கட்டு வழியாக மாடி அறைக்குள் வந்து விழும். அது அணைகிறவரை ஜெயக்கொடி கண்ணை மூட மாட்டாள்.

அவள் அவனிடம் கேட்க வேண்டியது ஒரு வரிதான். மறுபடி மாடிக்கு வாங்க. புருஷனிடம் பெண்டாட்டி கேட்கக்கூடாத விஷயமா அது? ஆனால் முதல் வருஷமே ஒருநாள், பக்கத்து வீட்டுச் செல்லத்தாயிடம் ஒச்சாயி பேசிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது. சொந்த ஊரான எழுமலையில் யாரோ ஒரு பெண்ணைப் பற்றிய பேச்சு. நெஞ்சு நோவுக்காரப் புருஷன் பெண்டாட்டி பாயிலேயே போய்ச் சேர்ந்துவிட்டானாம். "அவ ஆசைக்கு அவன் போயிட்டான்" என்று ஒச்சாயி சொன்னாள். யாரையும் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் கையில் தண்ணீர்ச் செம்போடு நின்ற ஜெயக்கொடிக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. அன்று அந்த ஒரு வரியை விழுங்கியவள்தான்.

இப்போது அதற்கு ஒரு வழி பிறந்தது. கே.கே. நகரில் டாக்டர் ராதாகிருஷ்ணன் என்று ஒருவர் புதிதாக வந்திருந்தார். இதயத்துக்கென்றே தனியாகப் படித்தவர். நோயாளியை ஓடவிட்டு, ஓடும்போதே நெஞ்சின் துடிப்பைப் படம் எடுத்துப் பார்க்கிற மிஷின் அவரிடம் இருந்தது. தவசி படுத்ததிலிருந்து கடையைப் பார்த்துக்கொள்வது ஜெயக்கொடிதான். உரக் கம்பெனிக்காரர் ஒருவர் அங்கே வந்து இதைச் சொன்ன அன்றே ஜெயக்கொடி நாள் குறித்துவிட்டு வந்தாள். 'ஏறலாம்' என்ற ஒரு சொல்லை அந்த டாக்டரின் வாயிலிருந்து வாங்கிவிட்டால் போதும். அவள் கேட்கவே வேண்டியதில்லை.

ஆயுத பூஜை முடிந்த வாரம் இரண்டு பேரும் போனார்கள். கான்வாஸ் ஷூ போட்டு வரச் சொல்லியிருந்ததால் புதிதாக ஒரு ஜோடி வாங்கி, அதை மாட்டிக்கொண்டுதான் தவசி வந்தான். ஆனால் மிஷின் இருந்த அறை வாசலில் அவன் கால் நின்றுவிட்டது. மிஷினின் கைப்பிடியில் வாடிய கதம்ப மாலை தொங்கியது. சுவிட்சுப் பெட்டியிலும், ஓடுகிற கறுப்புப் பட்டையின் தலைமாட்டிலும் சந்தனமும் குங்குமமும் பெரிதாக அப்பியிருந்தன. தவசி ஷூவைக் கழற்றி வாசலிலேயே விட்டான். குனிந்து பட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வெறுங்காலோடு ஏறி நின்றான். ஜெயக்கொடியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கு அது தப்பாகத் தெரியவில்லை. பொட்டு வைத்த பொருள் மேல் செருப்புக் காலோடு யார் ஏறுவார்கள்?

டாக்டரின் கண் காலுக்குப் போகவில்லை. அவர் நெஞ்சில் வயர்களை ஒட்டுவதில் இருந்தார்.

"முதல்ல நடங்க. அப்புறம் வேகமும் ஏத்தமும் தானாக் கூடும். முடியலேன்னா உடனே சொல்லணும், தெரியுதா?"

பட்டை கடகடவென்று நகர ஆரம்பித்தது. அரிசி மில்லுக்குள் நிற்பது போலச் சத்தம். கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சேற்றில் கால் வைப்பவன் போல ஒவ்வொரு அடியாக வைத்தான் தவசி. கொஞ்ச நேரத்தில் நடை ஓட்டமானது. ஓட்டம் என்று மரியாதைக்குச் சொல்லலாம். தெரு நாய் ஒன்று துரத்தியிருந்தால் அதுவே சலித்துப்போய்த் திரும்பியிருக்கும்.

நர்ஸ் அன்னக்கொடிக்கு வாய் சும்மா இருக்காது. "அண்ணே, கையப் புடிச்சுத் தொங்காதீங்க. எழுமலைக்காரருங்கிறீங்க, இப்பிடியா ஓடுவாங்க?"

"நீ எந்த ஊரு தாயி?" மூச்சு வாங்கக் கேட்டான் தவசி.

"உசிலம்பட்டிதாண்ணே. நம்ம பக்கத்து மானத்த வாங்கிப்புடாதீங்க!"

தவசி சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று ஜெயக்கொடி நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவன் முகம் மாறியது. உதட்டைக் கடித்தான். தோள் இரண்டும் தூக்கிக்கொண்டன. நெற்றி வேர்வை கண்ணுக்குள் இறங்கியும் துடைக்கவில்லை.

"நிறுத்துங்க சார். முடியல. நிறுத்துங்க!"

டாக்டர் சுவிட்சை அமுக்கினார். அவனைப் படுக்கையில் சாய்த்து நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரையை வைத்தார்கள்.

"நெஞ்சுல வலிச்சுதா?"

தவசி டாக்டரைப் பார்த்தான். பக்கத்தில் நின்ற அன்னக்கொடியைப் பார்த்தான். பிறகு தலையை ஆட்டினான். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். டாக்டர் ஆமாம் என்றே எடுத்துக்கொண்டார்.

"இதுவரைக்கும் படத்துல கோளாறு ஒண்ணும் தெரியலம்மா" என்றார் ஜெயக்கொடியிடம். "ஆனா பாதியில வலின்னு நிறுத்திட்டதால என்னால எதையும் உறுதியாச் சொல்ல முடியாது. மெட்ராசுக்குப் போயி ரத்தக் குழாய்ல மருந்து செலுத்திப் பார்க்கிற பரிசோதனையைச் செஞ்சிடறது நல்லது."

"அதுவரைக்கும் சார்?"

"இப்ப எப்படி இருக்காரோ அப்படியே இருக்கட்டும்."

எந்தச் சொல்லை வாங்கப் போனாளோ அதற்கு நேர் எதிரான சொல்லை வாங்கிக்கொண்டு வீடு வந்தாள் ஜெயக்கொடி. வாசலில் நின்ற ஒச்சாயிக்கு அவர்கள் முகமே போதுமானதாக இருந்தது.

"வெசயத்தச் சொல்லுடி."

"மெட்ராசுக்குப் போகச் சொல்றாரு அத்தை."

"ஆத்தி! நல்லாத் திரிஞ்ச புள்ளையக் கொண்டுபோயி ஓடவிட்டுக் கூட்டிட்டு வந்திருக்கியே!" இவ்வளவுதான் சொன்னாள். அதற்குமேல் திட்டியிருந்தால்கூட ஜெயக்கொடிக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஒச்சாயி தன் பாயைக் கட்டிலுக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலையில் தவசி கொல்லைப்பக்கம் போகும்போது பாதத்தின் ஓரங்களை மட்டும் ஊன்றி நடந்தான். ஜெயக்கொடி பின்னாலேயே போனாள். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவன், அவளைக் கண்டதும் காலை மடக்கினான்.

"காலக் காட்டுங்க."

"முள்ளு குத்திருச்சு. போ, சோலியப் பாரு."

"ரெண்டு கால்லயுமா முள்ளு குத்தும்? காட்டுங்கிறேன்ல!"

பிடித்து இழுத்துத் திருப்பினாள். உள்ளங்கால் முழுக்கச் சிவந்து கிடந்தது. பெருவிரலுக்குக் கீழே கொப்புளம். குதிகாலில் தோல் வழன்றிருந்தது.

"என்ன இது?"

"அந்தப் பட்டையில ஒரு ஒட்டு இருக்கு புள்ள. ஒவ்வொரு சுத்துக்கும் வந்து வந்து காலச் சீவுது. அதோட சூடு வேற. தோசைக்கல்லுல நின்ன மாதிரி."

"அப்ப நெஞ்சு?"

"நெஞ்சு எங்க வலிச்சுச்சு?"

ஜெயக்கொடிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "பெறகு ஏன் டாக்டர்ட்டத் தலைய ஆட்டுனீங்க?"

"வேற என்ன சொல்லச் சொல்ற? சித்திரை வெயில்ல வெறுங்காலோட கரிசக்காட்டுல கெடந்தவன், காலு சுடுதுன்னு கத்துனா நல்லாவா இருக்கும்? அந்த உசிலம்பட்டிப் புள்ள வேற பக்கத்துல நிக்குது. ஊருக்கே சொல்லிச் சிரிக்காதா?"

கூடத்துச் சிமெண்டுத் தரையில் கட்டிலுக்கும் நாற்காலிக்குமாக நடந்தே மூன்று வருஷத்தில் அந்தக் கால் குழந்தைக் கால் போல ஆகியிருந்தது. அது அவனுக்கே நேற்றுத்தான் தெரிந்திருக்கிறது.

"உங்க மானத்துக்காக எங்க உசிரப் போக்கிட்டீங்களே. அத்தை நேத்துப் பொட்டுச் சோறு சாப்பிடல. மெட்ராசுக்கு வேற போகணுமாம்."

"போக வேணாம். எங்கயும் போக வேணாம்." அவன் அவளைப் பார்க்காமல் வாளித் தண்ணீரைப் பார்த்துச் சொன்னான். "இப்ப என்ன கெட்டுப்போச்சு? கீழயே படுத்துப் பழகிருச்சு. இப்பிடியே இருந்துட்டுப் போறேன்."

பிடித்திருந்த காலை ஜெயக்கொடி மெதுவாக விட்டாள். கால் சுட்டதால்தான் நிறுத்தச் சொன்னானா? அல்லது மாடிக்கு வர வேண்டியிருக்குமே என்று நிறுத்தச் சொன்னானா? மூன்று வருஷமாக அவள் ஒருத்திதான் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தாளா?

"காலு ஆறட்டும்" என்றாள். "திரும்பப் போறோம்."

"நீ ஏன் இம்புட்டுத் துடிக்கிற?"

அவனாகவே கேட்டுவிட்டான். இதைவிட நல்ல சமயம் வராது. வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அடுப்படியிலிருந்து ஒச்சாயியின் குரல். "என்னடி அங்க ரெண்டு பேருக்கும் ரகசியம்?"

"கால்ல கொப்புளம் அத்தை. மஞ்சள் இழைச்சு எடுத்துட்டு வாரேன்" என்று ஜெயக்கொடி எழுந்து போய்விட்டாள்.

கால் ஆறுகிறவரை அவளுக்கு நிம்மதி இல்லை. கொப்புளத்தால்தான் நிறுத்தச் சொன்னான் என்பது சரி. ஆனால் ஷூ போட்டு ஓடும்போது நிஜமாகவே நெஞ்சு வலித்துவிட்டால்? இப்போது இருக்கிற நம்பிக்கையும் போய்விடும். ஒச்சாயி வேறு, இந்தத் தடவை நானும் வாரேன் என்று புடவை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஆட்டோவில் வழி நெடுக மகன் கையை அவள் விடவே இல்லை.

நடந்ததை ஜெயக்கொடிதான் டாக்டரிடம் சொன்னாள். தவசி காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டாக்டர் ராதாகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். அன்னக்கொடி சிரிக்காமல் இருக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"சாமிக்குப் பயந்து ஷூவக் கழட்டுனீங்க, சரி. என்னையப் பார்த்து ஏண்ணே பயந்தீங்க? அன்னைக்கே அந்தச் சந்தனத்தத் தொடச்சுக் கழுவிட்டேன். இன்னைக்கு ஷூவோட தைரியமா ஏறுங்க."

டாக்டர் சிரிப்பை நிறுத்தினார். "தவசி, ஒண்ணு சொல்றேன். கால் வலின்னா கால் வலின்னு சொல்லணும். உங்க தலையாட்டலை நம்பி உங்களை மெட்ராசுக்கு அனுப்பப் பார்த்தேன். வாயைத் திறந்து சொல்லாத நோயாளிய வச்சுக்கிட்டு டாக்டர் என்ன பண்ண முடியும்?"

"தப்புத்தான் சார்."

"இன்னைக்கு ஏத்தம் கிடையாது. அவசரமும் கிடையாது. புதுசா ஓடப் பழகறவங்க மாதிரி மெதுவா ஓடுங்க. ஆனா ஓடற நேரம் முழுக்கப் பேசிக்கிட்டே ஓடணும். பேச முடியாத வேகம் உங்களுக்கு ஆகாத வேகம். பேச்சு நின்னா நான் மிஷினை நிறுத்திடுவேன். ஏம்மா, நீங்க பக்கத்துல நின்னு பேச்சுக் கொடுங்க."

"நானா சார்?"

"வேற யாரு?"

ஒச்சாயி உள்ளே வர மறுத்துவிட்டாள். மகன் ஓடுவதை அவளால் கண்ணால் பார்க்க முடியாதாம். வாசலுக்கு வெளியே பெஞ்சில், அறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கதவு திறந்தே இருந்தது.

வயர்களை ஒட்டினார்கள். பட்டை கடகடத்தது. தவசி நடந்தான். நடை மெல்ல ஓட்டமாக மாறியது. ஷூ பட்டையில் தொப்புத் தொப்பென்று விழுந்தது.

"பேசுங்கம்மா" என்றார் டாக்டர்.

ஜெயக்கொடி வாயில் முதலில் வந்தது கடைப் பேச்சுதான். "பருத்தி விதை வந்துருச்சா?"

"என்னது?"

மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை. "பருத்தி விதை!" என்று கத்தினாள்.

"வந்துருச்சு. நீதான... எறக்கி வச்ச!"

"ஒங்களுக்குத் தெரியுமான்னு பாத்தேன்!"

"இது... ஒரு கேள்வியா?"

"சண்டை போட்டாலும் சரிதான், நிறுத்தாமப் பேசுங்க" என்றார் டாக்டர். மிஷினிலிருந்து நீளமாக இறங்கிக்கொண்டிருந்த தாளைக் கையில் ஏந்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அழகம்மாள் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினார்கள். ஒழுகுகிற குழாயைப் பற்றிப் பேசினார்கள். எழுமலைப் பக்கம் மழை பெய்ததா என்று பேசினார்கள். பிறகு என்ன பேசுவதென்று ஜெயக்கொடிக்குத் தெரியவில்லை. மூன்று வருஷமாக மாத்திரை சாப்பிட்டீங்களா, கடையைப் பூட்டியாச்சா என்பதைத் தவிர அவர்கள் பேசிக்கொண்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

தவசியும் பேச்சை நிறுத்தியிருந்தான். சட்டையில்லாத மார்பில் வேர்வை வழிந்தது. கண் எதிர்ச் சுவரிலேயே நின்றது. போன தடவை போலவே தோள்கள் மேலே தூக்கிக்கொண்டன.

"தவசி, பேசுங்க."

டாக்டரின் கை சுவிட்சுக்குப் போனது. அன்னக்கொடி மாத்திரை இருந்த தட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். வெளியே பெஞ்சில் ஒச்சாயி "அய்யா" என்று முனகியது எப்படியோ மிஷின் சத்தத்தையும் மீறி ஜெயக்கொடிக்குக் கேட்டது.

"எங்க வலிக்குது? வாயைத் திறந்து சொல்லுங்க!"

"வலி இல்ல சார்." ஓட்டத்தை விடாமலே தவசி சொன்னான். "பயமா இருக்கு."

டாக்டர் தாளைப் பார்த்தார். அவன் முகத்தைப் பார்த்தார். சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்டார். "கோடு சுத்தமா இருக்கு. பயத்துக்காக மிஷினை நிறுத்த மாட்டேன். பயத்தையே பேசுங்க. வீட்டுக்காரம்மாகிட்டப் பேசுங்க."

தவசி ஓடினான். நாலைந்து அடிக்குப் பிறகு, திரும்பிப் பார்க்காமலே உரக்கப் பேசினான்.

"ஜெயா... அன்னைக்குக் காலு சுட்டது நெசந்தான். ஆனா நிறுத்தச் சொல்ல... ஒரு சாக்குக் கெடச்சுச்சுன்னும் இருந்துச்சு."

"என்ன சாக்கு?"

"நல்லா இருக்கேன்னு... இவரு சொல்லிட்டாருன்னா... நான் மேல வந்துருவேன். வந்து... எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா..." மூச்சு வாங்கியது. ஆனால் பேச்சு நிற்கவில்லை. "ஊரு ஒன்னையத்தான் பேசும். எங்காத்தாளே... பேசும். ஒரு வார்த்தையில... ஒன்னையக் கொன்னுபுடுவாய்ங்க. அத நெனச்சாத்தான் புள்ள... எனக்கு நெஞ்சு அடைக்குது."

ஜெயக்கொடி கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். அவனுக்கும் தெரிந்திருக்கிறது. அவள் விழுங்கியதையேதான் அவனும் கீழே படுத்துக்கொண்டு விழுங்கியிருக்கிறான். அந்தப் படிக்கட்டின் இரண்டு முனையிலும் ஒரே பயம்தான் படுத்திருந்தது.

அன்னக்கொடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டர் தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கதவுக்கு வெளியே ஒச்சாயியின் முதுகு அசையாமல் இருந்தது. அவள் காதில் எல்லாம் விழுந்திருக்கும்.

மெதுவாகச் சொன்னால் மிஷின் சத்தம் விழுங்கிவிடும். தவசிக்குக் கேட்க வேண்டுமென்றால் கத்தித்தான் சொல்ல வேண்டும். கத்தினால் பெஞ்சுக்கும் கேட்கும். ஜெயக்கொடி கைப்பிடியில் இருந்த அவன் கைமேல் தன் கையை வைத்தாள். வேர்வையில் அது நனைந்து வழுக்கியது. அவள் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள்.

"பேசட்டும் மச்சான்!" அவள் குரல் அறையைத் தாண்டிப் போயிற்று. "யாரு என்ன பேசுனாலும் நான் கேட்டுக்கிறேன். மூணு வருசமா ஒங்ககிட்டக் கேக்கணும்னு இருக்கேன். இன்னைக்குக் கீழ படுக்காதீங்க. மாடிக்கு வந்துருங்க."